ஜமீலாவின் மகள்

டெவில்ஸ் கிஸ் என்பது தலைப்பு, சாத்தானின் முத்தம். சர்வத் சத்தா எழுதி 2009இல் வந்த இளையோர் நாவல் இது. கதையின் மையத்தில் நிற்கும் டெம்ப்ளர் வீரத்துறவிகளின் வரலாற்றில் முத்தம் லேசான சொல் அல்ல. 1129இல் பிரான்சின் த்ருவா நகரில் கூடிய திருச்சபை மன்றம் ஏற்ற அவர்களது ஒழுங்குவிதி, எந்தப் பெண்ணையும் முத்தமிடக் கூடாது என்றது. தாய்க்கும் தமக்கைக்கும்கூட விலக்கில்லை. 1307 அக்டோபர் 13 அன்று மன்னர் நான்காம் பிலிப் பிரான்சிலிருந்த டெம்ப்ளர்களைக் கைது செய்வித்தபோது, சபையில் சேரும் சடங்கில் தகாத முத்தங்கள் இட்டார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. விதி விலக்கியதும் முத்தம், பழியாக வந்ததும் முத்தம். அப்படிப்பட்ட சொல், மைக் என்ற அழகனிடம் கதாநாயகி தடுமாறும் காதலாகச் சுருங்கியபோது எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

முதல் காட்சி: பதினைந்து வயது பில்லி, சிறுவன் வடிவில் நிற்கும் பேயை அழித்தாக வேண்டும். அவள் கை நடுங்குகிறது, நமக்கும்தான். இந்தப் பக்கங்களில் சத்தா உண்மையான எழுத்தாளர்.

இடம்: இன்றைய லண்டன். 1185இல் அர்ச்சிக்கப்பட்ட வட்ட வடிவ டெம்பிள் தேவாலயமும், அதில் படுத்திருக்கும் கல்வீரர்களும் உண்மை. டெம்ப்ளர் சபை இன்றும் ரகசியமாகப் பேய்களோடு போரிடுகிறது என்பது கற்பனை.

தாய்: நான் நெடுநேரம் நின்றது இங்கேதான். பில்லியின் தந்தை ஆர்தர் சபைத் தலைவர். இறந்துபோன தாய் ஜமீலா முஸ்லிம். எருசலேம் யாத்திரிகரைக் காக்கப் பிறந்து, சிலுவைப்போர்களின் முன்வரிசையில் நின்ற சபை இது. 1187இல் ஹத்தீன் போர் முடிந்ததும், சிறைப்பட்ட டெம்ப்ளர்களை முஸ்லிம் சுல்தான் சலாதீன் கொல்லச் செய்தார். அந்த ரத்தக் கணக்கின் இருபுறமும் ஒரே பெண்ணின் உடம்பில் ஓடுகிறது! தாயின் தொழுகைக்கும் தந்தையின் வாளுக்கும் நடுவே அவள் எப்படி உறங்குவாள்? இதற்காகவே ஒரு நாவல் எழுதலாம். சத்தாவோ இதைத் தொட்டுவிட்டு, அடுத்த சண்டைக்கு ஓடிவிடுகிறார்.

பகைவன்: மைக் என்று வந்தவன் தேவதூதன் மிக்கேல், எகிப்தில் தலைப்பிள்ளைகளை மாய்த்த வாதையை மறுபடி கொண்டுவரத் துடிக்கிறான். மக்களைக் கடவுளிடம் திருப்புவதே அவன் நோக்கம். நல்ல முடிச்சு. ஆனால் அவனோடு வாதாட பில்லிக்கு அவகாசமே இல்லை, வாள்தான் பேசுகிறது.

2010இல் வந்த அடுத்த பாகமான 'டார்க் காடஸ்' பில்லியை ரஷ்யாவுக்கு அழைத்துச் சென்றது. ஜமீலாவைத் தேடித்தான் நான் அதையும் எடுத்தேன்.