சிமுலேட்டரில் பயண உயரம் அமைத்தல்

பயணிகள் விமானம் எந்த உயரம் வரை ஏற வேண்டும், எந்த உயரத்தில் நிலையாகப் பறக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே விமானத்தின் கணினியில் பதிவதைப் பயண உயரம் அமைத்தல் என்பார்கள். போயிங் 737 விமானத்தில் எஃப்எம்சி என்னும் கருவியின் ‘பெர்ஃப் இனிட்’ பக்கத்திலும், ஏர்பஸ் 320 விமானத்தில் எம்சிடியு-வின் ‘இனிட்’ பக்கத்திலும் இது பதியப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் போன்ற வீட்டுக் கணினி சிமுலேட்டர்களுக்குக் கிடைக்கும் நுணுக்கமான விமான மாதிரிகளில் இந்தப் பக்கங்கள் ஏறக்குறைய அசலைப் போலவே இயங்குகின்றன. ஆனாலும் புதிதாகப் பழகுபவர்கள் பலர் எங்கே போனாலும் 35,000 அடி என்று ஒரே எண்ணைத் தட்டிவிடுகிறார்கள். அந்த எண்ணை விமானத்தின் வகை மட்டும் தீர்மானிப்பதில்லை. தூரம், திசை, எடை, மேல்காற்றின் வெப்பம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. சென்னையிலிருந்து தெற்கே போகும் குறும்பயணங்களில் இது பளிச்சென்று தெரியும்.

சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 160 கடல்மைல். இந்தக் கோடு திண்டிவனத்தை ஒட்டி, செஞ்சிக் கோட்டைக்கும் அதனருகே உள்ள அனந்தபுரத்துக்கும் கிழக்கே செல்கிறது. அனந்தபுரத்துக்கு நேர் கிழக்கே வரும்போது விமானம் ஏறத்தாழ 60 கடல்மைல் கடந்திருக்கும். இறக்கத்துக்கு விமானிகள் மனக்கணக்காக வைத்திருப்பது ஆயிரம் அடிக்கு மூன்று கடல்மைல். வேகம் குறைக்க இன்னும் பத்து மைல் கூட்டிக்கொள்வார்கள். 35,000 அடியிலிருந்து இறங்க வேண்டுமானால் திருச்சிக்கு 115 மைல் முன்னதாகவே, அதாவது சென்னையை விட்டு 45 மைல் போனதுமே, இறக்கம் தொடங்கியாக வேண்டும். அந்த உயரத்துக்கு ஏறுவதற்கோ 737-க்கு நூறு மைலுக்கு மேல் தேவை. ஏறி முடிக்கும் முன்பே இறங்கும் இடம் கடந்துபோயிருக்கும். 24,000 அடி என்று பதிந்தால் கணக்கு இடிக்காது: அனந்தபுரத்துக்குக் கிழக்கே ஏற்றம் முடியும், திருச்சிக்கு 80 மைல் இருக்கையில் இறக்கம் தொடங்கும். நடுவே நிலையாகப் பறப்பது 20 மைல், மூன்று நிமிடம். இவ்வளவு சிறிய தூரத்துக்கு ஜெட் எதற்கு என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதுதான். 25,000 அடியை உச்ச வரம்பாகக் கொண்ட ஏடிஆர் 72 போன்ற சுழல்விசிறி விமானங்களுக்கே இத்தகைய தடம் பொருந்தும்.

கணினியே கணக்கிட்டுச் சொல்லும்போது இதை மனிதர் ஏன் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். 737-இன் எஃப்எம்சி குறும்பயணத்துக்குத் தகுந்த உயரத்தை ‘டிரிப் ஆல்ட்’ என்று காட்டும். பதிந்த உயரத்தில் நிலையாகப் பறக்க இடமே இல்லையென்றால் ‘அனேபிள் கிரூஸ் ஆல்ட்’ என்று எச்சரிக்கவும் செய்யும். ஆனால் அது அறிந்த பாதை நாம் பதிந்த பாதை மட்டுமே. இறங்கும் ஓடுதளத்தையும் அதற்கான அணுகுமுறைப் பாதையையும் பதியாமல் விட்டால் மைல் கணக்கே மாறிவிடும். எடையைத் தவறாகப் பதிந்தால் உயரக் கணக்கும் தவறும். அரைகுறையாகக் கொடுத்த விவரங்களுக்கும் எஃப்எம்சி முழு நம்பிக்கையோடு ஒரு விடை தந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள தொல்லை.

திசை விதி இதைவிட எளிது. இந்தியாவில் 0 முதல் 179 பாகை வரையிலான கிழக்குப் பக்கத் திசைகளில் பறப்பவை ஒற்றைப்படை ஆயிரங்களிலும், 180 முதல் 359 வரையிலான மேற்குப் பக்கத்தில் பறப்பவை இரட்டைப்படை ஆயிரங்களிலும் செல்ல வேண்டும். திருச்சி தென்மேற்கில் இருப்பதால் போகும்போது 24,000 அடி, திரும்பும்போது 23,000 அல்லது 25,000 அடி. சென்னையிலிருந்து டெல்லி வடக்கே இருப்பதாகத் தோன்றினாலும் பாதை சற்று மேற்கே சாய்கிறது. அதனால் அங்கும் இரட்டைப்படையே. பழைய சிமுலேட்டர் கையேடுகளைப் பின்பற்றுபவர்கள் குழம்புவது இங்கேதான். 2003 நவம்பருக்கு முன் இந்திய வான்வெளியில் 29,000 அடிக்கு மேல் விமானங்களுக்கு இடையே 2,000 அடி செங்குத்து இடைவெளி விடப்பட்டது. அப்போது 31,000, 35,000, 39,000 அடிகள் மேற்கே போகிறவற்றுக்கு உரியவை. இடைவெளி 1,000 அடியாகக் குறைக்கப்பட்ட பிறகு அதே மூன்று உயரங்களும் கிழக்கே போகிறவற்றுக்கு வந்துவிட்டன.

தூரமும் திசையும் இடம் கொடுத்தால், முடிந்தமட்டும் உயரே போவதுதானே எரிபொருளுக்குச் சிக்கனம் என்பது பரவலான வாதம். அதில் பாதி உண்மை. உயர உயரக் காற்றின் அடர்த்தி குறைந்து எதிர்ப்பும் குறைகிறது. ஆனால் ஒவ்வோர் எடைக்கும் ஓர் உகந்த உயரம் உண்டு, அதைத் தாண்டினால் செலவு மறுபடி ஏறும். எஃப்எம்சி ‘ஆப்ட்’, ‘மேக்ஸ்’ என்று இரண்டு எண்களைக் காட்டுவதன் காரணம் இதுவே. பதிய வேண்டியது முதலாவதற்கு அருகிலுள்ள உயரத்தை. இரண்டாவது தாண்டக் கூடாத வேலி. அந்த வேலி தமிழ்நாட்டு வானில் இன்னும் தாழ்வாக இருக்கும். பன்னாட்டுத் தர வளிமண்டலக் கணக்குப்படி 35,000 அடியில் வெப்பநிலை மைனஸ் 54 டிகிரி. வெப்பமண்டலத்தில் அதே உயரத்தில் காற்று அதைவிடச் சுமார் 10 டிகிரி சூடாக இருப்பது வழக்கம், சூடான காற்றில் எஞ்சினின் உந்துவிசை குறையும். நிகழ்நேர வானிலையை இயக்கிப் பறப்பவர்கள், ஐரோப்பாவில் எளிதாக எட்டிய உயரத்தை இங்கே அதே விமானம் திணறியபடி எட்டுவதைக் காண்பது இதனால்தான். திணறல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2004 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவில் நடந்த விபத்து சான்று. பயணிகள் இல்லாத ஒரு சிஆர்ஜே-200 விமானத்தை இரு விமானிகள் அதன் உச்ச வரம்பான 41,000 அடிக்கு ஏற்றினார்கள். வேகத்தைக் காக்கும் முறையை விட்டு, நிமிடத்துக்கு இத்தனை அடி என்று ஏற்ற வீதத்தைப் பூட்டும் முறையில் தானியங்கியை வைத்திருந்தார்கள். வீதத்தைக் காப்பாற்ற விமானம் தன் வேகத்தைப் பலிகொடுத்தது. மேலே போனபின் தூக்குவிசை இழந்து, இரு எஞ்சின்களும் அணைந்து, இருவரும் இறந்தனர்.

எஃப்எம்சியில் பதிந்த உயரம் திட்டம் மட்டுமே. விமானம் உண்மையில் எங்கே நிற்கும் என்பதைக் கண்ணாடிக்குக் கீழேயுள்ள பலகையின் உயரச் சாளரம் தீர்மானிக்கிறது; போயிங்கில் அதற்கு எம்சிபி என்று பெயர், ஏர்பஸ்ஸில் எஃப்சியு. திட்டம் 24,000 என்றிருந்தாலும் சாளரத்தில் 10,000 இருந்தால் விமானம் 10,000 அடியில் நின்றுவிடும். கட்டுப்பாட்டாளர் அனுமதித்த உயரத்துக்குச் சாளரம், நம் விருப்பத்துக்குக் கணினி என்று பிரித்து வைத்திருப்பதன் பொருள் அதுதான். ஏர்பஸ்ஸில் ஒரு பின்விளைவும் உண்டு: பதிந்த பயண உயரத்துக்குக் கீழேயே நிறுத்திவைக்கப்பட்டால், கணினி தான் இன்னும் ஏறிக்கொண்டிருப்பதாகவே நினைக்கும். அங்கேயே பறக்கப் போவதாக இருந்தால் பயண உயரத்தைத் திருத்திப் பதிய வேண்டும்.

வீட்டு சிமுலேட்டரில் வானம் காலிதானே, அனுமதியாவது உயரமாவது என்று சிலர் வாதிடலாம். வாட்சிம் போன்ற இணைய வலையமைப்புகளில் வானம் காலியில்லை; அங்கே தன்னார்வலர்கள் கட்டுப்பாட்டாளர்களாக இருந்து உயரம் ஒதுக்குகிறார்கள். தனியே பறப்பவருக்கும் இந்த ஒழுங்கு வேண்டும் என்பதற்கு 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே நடந்ததைவிட வேறு நியாயம் தேவையில்லை. டெல்லியிலிருந்து ஏறிய சவுதி 747 விமானத்துக்கு 14,000 அடி, இறங்கி வந்த கஜகஸ்தான் இல்யுஷின்-76 விமானத்துக்கு 15,000 அடி என்று ஒதுக்கப்பட்டிருந்தது. இல்யுஷின் தன் உயரத்தில் நிற்காமல் மேலும் இறங்கியது. 349 பேர் உயிரிழந்தனர்.

ஒதுக்கிய உயரத்தில் நிற்பதற்கு உயரமானியும் சரியாக இருக்க வேண்டும். தாழ்வில் உள்ளூர்க் காற்றழுத்தத்தையும், மாறு உயரத்தைக் கடந்ததும் 1013 என்ற பொது அளவையும் வைப்பது முறை. போயிங் மாதிரிகள் பல, மாறு உயரத்தை அமெரிக்க வழக்கப்படி 18,000 அடி என்றே வைத்திருக்கும். புறப்படும் நிலையத்தின் வரைபடத்தைப் பார்த்து அதை மாற்ற வேண்டும். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி அழுத்தம் 1003-க்கு இறங்கிய நாளில் இதை மறந்தால், விமானம் ஏறத்தாழ 270 அடி பிசகிய உயரத்தில் பறக்கும். இறக்கத்துக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சாளரத்தில் தாழ்ந்த உயரத்தைத் திருப்பி வைப்பது. வைக்காவிட்டால் 737 ‘ரீசெட் எம்சிபி ஆல்ட்’ என்று நினைவூட்டும். அதையும் கவனிக்காவிட்டால் 24,000 அடியிலேயே திருச்சியைத் தாண்டிப் போகும்.