மணி என்ன இருக்கும்?

சில வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், பல்லடம் ரோட்டில் மாமாவின் டிவிஎஸ் எக்ஸெல்லை ஒரு லாரி இடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "அடிபட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?"

காரில் தூக்கிப்போட்டு வந்த ஒருவர், "மணி பாக்கற நேரமாங்க அது?" என்றார். நான் போனை எடுத்து, அத்தையின் அழைப்பு வந்த நேரத்தைச் சொன்னேன். டாக்டர் குறித்துக்கொண்டார். எனக்கு எரிச்சல்தான். ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது மணி எதற்கு?

அதற்கான பதில் 2006லேயே எங்கள் கோவையில் எழுதப்பட்டிருந்தது.

திறந்த எலும்பு முறிவுகளை மூன்று வகையாகப் பிரிக்கும் முறையை 1976இல் அமெரிக்காவின் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் வகுத்தார்கள். சிக்கல் மூன்றாம் வகையில். காப்பாற்றக்கூடிய காலுக்கும், காப்பாற்ற முடியாத காலுக்கும் அங்கே ஒரே பெயர்தான். 1978இல் தொடங்கப்பட்ட கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி, அப்படி அடிபட்ட 109 கால்களில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். தோலுக்கு 1 முதல் 5, எலும்புக்கு 1 முதல் 5, தசை-நரம்புக்கு 1 முதல் 5. இதுபோக, நிலைமையை மோசமாக்கும் ஏழு காரணங்களுக்குத் தலா 2. கூட்டுத்தொகை 14ஐ நெருங்கும்போது, காலை எடுக்க வேண்டியிருக்குமா என்ற கேள்வி வந்துவிடுகிறது.

அந்த ஏழில் இரண்டைப் பாருங்கள். அடிபட்டுக் காயத்தைச் சுத்தம் செய்வதற்குள் 12 மணி நேரம் தாண்டிவிட்டதா? காயத்தில் சாக்கடையோ, கட்டுத்தரைச் சாணி மண்ணோ பட்டதா? தோலையும் எலும்பையும் டாக்டர் கண்ணால் பார்த்துவிடுவார். இந்த இரண்டுக்கும் முழுப் பதில் ரோட்டில்தான் இருக்கிறது, தூக்கிவந்தவர்களிடம்.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு 108 வந்தது. வண்டி வந்ததைத்தான் எல்லோரும் பேசினோம். கூடவே ஒரு தாளும் வந்தது. அழைப்பு வந்த நேரம், வண்டி போய்ச் சேர்ந்த நேரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம். ஆடுகிற வண்டிக்குள் உட்கார்ந்து உதவியாளர் எழுதுவது வெறும் ஆபீஸ் வேலை இல்லை. அறுவை சிகிச்சை மேஜையில் போடப்போகும் கணக்கின் முதல் வரி அது.

என் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது, காலிக் கட்டமும் பூஜ்ஜியமும் ஒன்றில்லை என்பதை. நேரம் தெரியாத கட்டத்தைப் பூஜ்ஜியமாக எண்ணினால் 14 என்பது தாளில் 12 ஆகிவிடும். மதிப்பெண் மட்டுமே முடிவெடுப்பதில்லைதான். ஆனால் தப்பான எண்ணை நம்பி எடுக்கும் முடிவின் விலை ஒரு கால்.

மாமா இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறார். நடக்கிறார், அது போதும். ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் நான் முதலில் 108ஐ அழைக்கிறேன். அந்த அழைப்பிலேயே மணி பதிவாகிவிடும். வண்டி வந்ததும், விழுந்தது தார் ரோட்டிலா சாக்கடையிலா என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.