வீட்டு அறையில் கர்நாடக இசைப் பதிவு: இடம், தூரம், அளவு பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

1979-இல் டாஸ்காம் நிறுவனம், கேசட்டில் 4 தடங்கள் பதியும் போர்ட்டாஸ்டூடியோ 144-ஐ வெளியிட்டது. அந்தக் கருவியில் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தம் வீட்டில் பதிந்த பாடல்களே 1982-இல் ‘நெப்ராஸ்கா’ தொகுப்பாக வந்தன. வீட்டுப் பதிவும் வெளியீட்டுக்குத் தகும் என்பது அன்றே உறுதியாயிற்று. ஆனால் கிதாரோடு தனியே பாடுபவரின் சிக்கல் வேறு. சுருதி, பாட்டு, பக்கவாத்தியம் மூன்றும் ஒன்றையொன்று கேட்டபடி நகரும் கர்நாடக இசையின் சிக்கல் வேறு. கணினி, இரண்டு மைக் செருகும் இன்டர்ஃபேஸ், இரண்டு கார்டியாய்டு மைக், காதை மூடும் ஹெட்ஃபோன் ஆகியவற்றோடு மட்டும் அதைப் பதியும் முறையே இங்கு ஆராயப்படுகிறது. மைக்கின் விலையைவிட அது நிற்கும் இடமே தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. அறை

1 கட்டையில் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் சுமார் 2.6 மீட்டர். துணி, பஞ்சு போன்றவை ஓர் அலையை நன்கு உறிஞ்ச, அலைநீளத்தில் கால் பங்கு ஆழம் வேண்டும். இங்கே அது 65 செ.மீ. சுவரோடு ஒட்டித் தொங்கும் போர்வையால் இது ஆகாது. ‘ஸ’கரம் சீறும் 5000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியை மட்டுமே அது நன்கு விழுங்கும். நான்கு சுவரையும் போர்வையால் மூடினால் சொற்கள் மங்கும், கீழ் ஸ்வரங்களின் உறுமல் அப்படியே நிற்கும்.

எனவே அறையை மூடுவதைவிட ஆள் நகர்வது மேல். மந்திர பஞ்சமத்திலிருந்து மத்திய பஞ்சமம் வரை ஒரே அளவில் அகாரம் பாடி, எந்த ஸ்வரமும் தனித்துத் துள்ளாத இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மூலைகள் இதற்கு உதவா. மின்விசிறியையும் பதிவு முடியும்வரை நிறுத்திவிட வேண்டும்.

3. தூரம்

*3.1 குரல்.* வாயிலிருந்து 20 செ.மீ.யில் மைக் இருக்க, சுவரில் பட்டு வரும் ஒலி 2 மீட்டர் கடந்து வந்தால், நேரொலி எதிரொலியைவிட 20 டெசிபல் ஓங்கி நிற்கும். மைக்கை 60 செ.மீ.க்குத் தள்ளினால், எதிரொலியின் பாதை 2.4 மீட்டரானாலும், அந்த வேறுபாடு 12 டெசிபலாகச் சுருங்கும். ஆனால் கார்டியாய்டு மைக்கை மிக நெருங்கினால் கீழ்ஒலி பருத்துவிடும். 15 முதல் 20 செ.மீ. வரை தகும், மைக்கைச் சற்றே சாய்த்து வைத்தால் பகரத்தின் காற்று நேராக மோதாது.

*3.2 வீணை.* குடத்துக்கு நேரே வைத்தால் கும்மென்ற ஒலியே மிகும். குடத்துக்கும் மெட்டுகளுக்கும் இடையே, 30 முதல் 40 செ.மீ. விலக்கி வைத்தால் மீட்டும் கூர்மையும் கமகத்தின் இழுப்பும் சேர்ந்து கிடைக்கும்.

*3.3 மிருதங்கம்.* ஒரே மைக் என்றால் வாத்தியத்துக்கு முன்னே அரை மீட்டர் தள்ளி வைக்கலாம். வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி மைக் வைத்தால் அவை எதிரெதிரே நோக்கும். ஒரு தடத்தின் துருவத்தை மாற்றிக் கேட்டு, கும்கி நிறைவாக ஒலிக்கும் நிலையைக் கொள்ள வேண்டும்.

4. அளவும் தாமதமும்

24 பிட் பதிவில் அளவை உச்சம் வரை ஏற்றத் தேவையில்லை. தார ஸ்தாயி பஞ்சமத்தைப் பாடவிட்டு, அதன் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை வைத்தால் போதும். ஆலாபனையின் மெல்லிய தொடக்கமும் இரைச்சலின்றிப் பதியும். சுருதிப் பெட்டி ஹெட்ஃபோனில் மட்டுமே ஒலிக்கட்டும். குரலோடு கலந்து பதிந்த சுருதியைப் பின்னால் தூய்மையாகப் பிரிப்பது கடினம். 48 கிலோஹெர்ட்ஸில் 256 மாதிரி பஃபர் 5.3 மில்லிவிநாடி தாமதம் தரும். உள்ளே, வெளியே என இரு வழியும் சேர்ந்தால் 10-ஐத் தாண்டும். தம் குரலைக் கணினி வழியாகக் கேளாமல் இன்டர்ஃபேஸிலிருந்து நேரே கேட்டால் இது தொல்லையாகாது.

5. சேர்ந்தா, தனித்தனியா?

கீர்த்தனையைத் தாளத் தடத்தின்மேல் தனித்தனியாகப் பதியலாம். நிரவலும் கல்பனாஸ்வரமும் அப்படி அமையா. பாடகர் எடுக்கும் இடத்தை மிருதங்கக்காரர் அக்கணமே பிடித்தாக வேண்டும். அங்கே இருவரும் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் மைக்கின் முதுகு மற்றவரை நோக்க, ஒருசேரப் பதிவதே முறை. மைக்குகளின் இடைவெளி, ஒவ்வொன்றும் தன் ஒலிமூலத்திலிருந்து நிற்கும் தூரத்தைப்போல் மும்மடங்காவது இருக்க வேண்டும்.

6. முடிவு

இடம், தூரம், அளவு என்ற வரிசையில் திருத்தங்கள் அமைய வேண்டும். மூன்றிலும் செலவு இல்லை. இவற்றைச் சரிசெய்த பிறகும் எஞ்சும் குறைக்கே புதிய மைக் வாங்குவது பொருந்தும்.