காயில் கட்டுறதா, புதுசு மாத்துறதா?

1/ பெரம்பலூர், அரியலூர் பக்கம் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் மோட்டார் காயில் கட்டுற பட்டறை ஒண்ணாவது கண்ணுல படும். அமெரிக்காவுல போர் மோட்டார் எரிஞ்சா பெரும்பாலும் கழட்டிப் போட்டுட்டு புதுசு இறக்கிடுவாங்க. நாம ஏன் கட்டுறோம்? ஏழ்மைன்னு சட்டுனு சொல்லிடாதீங்க. மோட்டாரோட வடிவமைப்பே வேற.

2/ ஃபிராங்க்ளின் எலெக்ட்ரிக் மாதிரி நிறுவனங்கள் அங்கே பரப்பியது மூடி சீல் வச்ச மோட்டார். காயிலை மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறைக்குள்ள வச்சு ரெசின் ஊத்தி அடைச்சிடுவாங்க. உள்ள தண்ணியும் போகாது, மெக்கானிக் கையும் போகாது.

3/ கோயம்புத்தூர்ல இருந்து நமக்கு வந்தது பெரும்பாலும் தண்ணி நிரப்புற மோட்டார். பிளாஸ்டிக் உறை போட்ட செம்புக் கம்பி. நல்ல தண்ணி ஊத்தி இறக்கணும். அதுதான் சூட்டை ஆத்தும். எரிஞ்சா பிரிச்சு, பழைய கம்பிய உருவி, புதுசு சுத்தலாம்.

4/ ஏன் எரியுது? வோல்டேஜ் குறைஞ்சா அதே சுமைக்கு மோட்டார் கரண்ட்டைக் கூட இழுக்கும். கரண்ட் 20% ஏறினா காயில் சூடு 44% ஏறும்.

5/ ஒரு பெரியவர் மூணு வாரமா சுகர் மாத்திரை வாங்க வரலை. "மோட்டார் போயிடுச்சு சார், வெங்காயம் காயுது"ன்னார். புதுசுன்னா கடன் வாங்கணும். கடன் கிடைக்கிற வரைக்கும் சின்ன வெங்காயம் காத்திருக்காது.

6/ அதுக்காக ரிப்பேரைத் தலையில தூக்கி வச்சு ஆடவும் முடியாது. மேல வச்சு ஓட்டுற மோட்டார்ல பழைய காயிலைத் தீ வச்சு எரிச்சு எடுத்தா, இரும்புத் தகடுகளுக்கு நடுவுல இருக்கிற காப்புப் பூச்சு கெடும். மோட்டார் ஓடும், ஆனா கரண்ட்டைத் தின்னும்.

7/ அந்தச் செலவு விவசாயிக்குத் தெரியாது. 1984-ல எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்துச்சு, பிறகு எல்லா விவசாயிக்கும் வந்துச்சு. (நான் அதை எதிர்க்கலை, சண்டைக்கு வராதீங்க.) ஆனா கூடுதல் கரண்ட் இழுக்கிற மோட்டார் பெருகினா லைன்ல வோல்டேஜ் இறங்கும். அடுத்த வயல்காரர் மோட்டார் எரியும்.

8/ போர் கிணறுன்னா இன்னொரு கணக்கும் இருக்கு. குழாயோட உருவி இறக்குற கூலி, காயில் கட்டினாலும் புதுசு போட்டாலும் ஒண்ணுதான். ரெண்டு வருஷத்துல மூணு தடவை உருவினவங்க அதையும் கூட்டிப் பாருங்க. அப்புறமும் கட்டுறதுன்னா கம்பியோட கேஜையும் எடையையும் பில்லுல எழுதி வாங்குங்க. கம்பி மெலிசானா சீக்கிரமே மறுபடி எரியும்.