விரால் கொடுத்த வரி

மதுராந்தகம் ஏரி என்று வாயெடுத்தால் லயனல் பிளேஸ் துரை வந்துவிடுவார். 1794 முதல் 1798 வரை கும்பினியின் ஜாகீருக்குக் கலெக்டராக இருந்தவர். உடையவிருந்த கரையில் ராம லட்சுமணர் வில்லேந்தி நிற்க, மழையிரவில் அவர் கண்டாராம். வாசகர்கள் கேட்ட கதைதான். நான் சொல்ல வந்தது ராமரைப் பற்றியல்ல. விரால் மீனைப் பற்றி.

ஐப்பசி அடைமழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், கிளியாற்றுக்கு இறங்கும் வெள்ளத்தை எதிர்த்து மீன் ஏறும். கெண்டையும் கெளுத்தியும் வலைக்காரன் பாடு. விரால் அவ்வளவு சுலபத்தில் அகப்படாது. கோரைக்குள் அசையாமல் பதுங்கியிருந்து பாயும் ஜாதி அது. தூண்டிலில் உயிருள்ள தவளையைக் கோத்துப் பொறுமையாக உட்கார வேண்டும். செங்குஞ்சுகள் நீர்மட்டத்தில் கொத்தாக மொய்த்தால், பெற்றவை அடியில் காவலிருக்கின்றன என்று அர்த்தம். "அப்போ தூண்டி போட்டா பாவமுங்க" என்று கரையிலிருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். நான் வேடிக்கை பார்க்க வந்தவன். ஆனாலும் ஏனோ தலையைக் குனிந்துகொண்டேன்.

சித்திரையில் நீர் வற்றும். காற்றைக் குடித்து உயிர் வாழும் விரால் சேற்றில் புதைந்துகொள்ளும். மற்ற மீனெல்லாம் மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்கு.

அந்தக் குத்தகை நேற்று வந்ததல்ல. சோழர் கல்வெட்டுகளில் அதற்குப் 'பாசிப்பாட்டம்' என்று பெயர். பல ஊர்களில் அந்த வருமானம் ஏரியைத் தூர் வாரவே ஒதுக்கப்பட்டது. இங்கிருந்து அதிக தூரமில்லாத உத்தரமேரூரில், பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் குடவோலையில் ஆள் தேர்ந்ததைச் சொல்கின்றன. குளத்தின் மீன் குளத்தின் மண்ணை அள்ளக் கூலி கொடுத்தது. இதைவிட நேர்மையான வரி எனக்குத் தெரிந்து இல்லை.

கும்பினி ஆட்சியில் அந்த ஏற்பாடு குலைந்தது. குடிமராமத்துக்கு ஆள் வருவது குறைந்ததும், 1858இல் சென்னை சர்க்கார் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டுப் பார்த்தது. ஏரியும் மீனும் தன்னுடையவை என்று நினைத்தவரை மண்வெட்டியோடு வந்தவன், சட்டத்துக்குப் பயந்து வருவானா? வண்டல் ஏறிக்கொண்டே போயிற்று. அண்மையில் கோடிக்கணக்கில் செலவிட்டு மதுராந்தகம் ஏரியைத் தூர் வாரத் தொடங்கினார்கள்.

கல்வெட்டுச் செய்தியைப் பெரியவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ வலை போட்டவன் காசுலதான் ஏரியை வெட்டியிருக்காங்கன்னு சொல்லுங்க."

ஆமாம் என்றேன். அவர் மறுபடி தக்கையைப் பார்க்க ஆரம்பித்தார்.