மூன்று பிரசவம், மூன்று உலகக் கோப்பை

கால்பந்தைப் பற்றி கொல்கத்தாவில் யாரையும் கேட்கவே வேண்டாம், அவர்களே சொல்வார்கள். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் சண்டை இல்லாமல் ஒரு வாரம்கூட ஓடாது. அந்தக் கூட்டத்தில் ஜாய் ஃபாஸெட் என்று சொன்னால் முழிப்பார்கள். 1999 மகளிர் உலகக் கோப்பை என்றால் சிலருக்கு ஒரு படம் ஞாபகம் வரும். கடைசி பெனால்டியை அடித்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மண்டியிட்ட பிராண்டி சேஸ்டெயின். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்கள் மியா ஹாம் என்பார்கள். அதே அமெரிக்க அணியில் பின்வரிசையில் வலது பக்கம் ஆடியவர்தான் ஜாய் ஃபாஸெட். டிஃபெண்டர். நம்ம வங்கியில் ஆடிட் பார்ப்பவர் மாதிரி: ஒழுங்காக வேலை நடக்கும்வரை அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது :-)

1968-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். 1987-ல், 19 வயதில், அமெரிக்க அணிக்குள் வந்தார். பெண்கள் உலகக் கோப்பை என்ற ஒன்றே அப்போது கிடையாது. முதல் கோப்பை 1991-ல் சீனாவில் நடந்தது, அமெரிக்கா வென்றது, ஃபாஸெட்டும் அந்த அணியில் இருந்தார். 1993-ல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் பெண்கள் கால்பந்து அணி தொடங்கியபோது அதன் முதல் பயிற்சியாளரும் அவர்தான். அதாவது பயிற்சியாளர் வேலை ஒரு பக்கம், நாட்டுக்காக ஆடுவது ஒரு பக்கம். பெண்கள் ஆட்டத்தில் பெரிய பணம் ஏதும் இல்லாத காலம் அது.

இனிமேல்தான் நான் சொல்லவந்த விஷயம். கொஞ்சம் தேதிகளைப் பாருங்கள். முதல் மகள் பிறந்தது 1994 மே. அடுத்த வருஷம் ஜூனில் ஸ்வீடனில் உலகக் கோப்பை. இரண்டாவது மகள் 1997 மே. 1999-ல் சொந்த நாட்டில் உலகக் கோப்பை. மூன்றாவது மகள் 2001 ஜூன். 2003-ல் மறுபடி அமெரிக்காவிலேயே உலகக் கோப்பை. இந்த மூன்று கோப்பைகளிலும் அமெரிக்கா ஆறாறு ஆட்டங்கள் ஆடியது. பதினெட்டு ஆட்டங்களிலும் ஒரு நிமிஷம்கூட ஃபாஸெட் வெளியே உட்காரவில்லை. 2003-ல் அவருக்கு வயது 35.

அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குழந்தைகள் பயிற்சி முகாமுக்கும் விமானத்துக்கும் அணியின் பஸ்ஸுக்கும் கூடவே போனார்கள். அணியில் இருந்த மற்றப் பெண்கள் முறைபோட்டுத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாவின் செலவைக் கால்பந்து ஃபெடரேஷனே ஏற்கவேண்டும் என்று வீராங்கனைகள் சேர்ந்து கேட்டு வாங்கினார்கள். எனக்கு அவர் அடித்த கோல்களைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏன் என்றால், நம்மைப்போல் ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். ஊரில் என்றால் அம்மாவோ மாமியாரோ இருப்பார்கள், குழந்தையை விட்டுவிட்டு ஆபீஸ் போகலாம். இங்கே? ப்ரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பெண் அதிகாரிகளை நான் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். என்னைவிட நன்றாக லோன் ஃபைல் படிப்பவர்கள். ப்ரமோஷன் என்றால் டிரான்ஸ்ஃபர், டிரான்ஸ்ஃபர் என்றால் குழந்தையை யார் பார்ப்பது? பிரசவ விடுப்பு கிடைக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. 2017-ல் சட்டத்தையே திருத்தி 12 வாரத்தை 26 வாரம் ஆக்கினார்கள். ஆனால் விடுப்பு முடிந்து திரும்பி வருகிற நாளில்தான் உண்மையான கஷ்டம் தொடங்குகிறது. ஃபாஸெட்டுக்குக் கிடைத்தது அந்தத் திரும்பி வருகிற வழி.

சரி, மைதானத்துக்கு வருவோம். வலது ஓரத்தில் காவல் காத்துக்கொண்டே, சமயம் பார்த்து முன்னால் ஓடிவிடுவது அவருடைய பாணி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் இறுதி ஆட்டம், சீனாவுடன் 1-1. 68-வது நிமிஷத்தில் பின்னாலிருந்து கிளம்பி ஓரமாகவே ஓடி, பந்தை உள்ளே தள்ளினார். டிஃபெனி மில்பிரெட் அதை கோலாக்கினார், தங்கம் அமெரிக்காவுக்கு. பேப்பரில் கோல் அடித்தவர் பெயர்தானே முதலில் வரும்!

1999 காலிறுதியில் ஜெர்மனி. ஐந்தாவது நிமிஷத்திலேயே சேஸ்டெயின் சேம் சைடு கோல் போட்டுவிட்டார். இடைவேளையில் ஜெர்மனி 2-1. அப்புறம் அதே சேஸ்டெயின் சமன் செய்தார். 66-வது நிமிஷத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி 3-2 ஆக்கியவர் ஃபாஸெட். அது இல்லாவிட்டால் பசடேனாவில் 90,185 பேர் பார்த்த அந்த இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவே இருந்திருக்காது, அந்தப் புகழ்பெற்ற படமும் இருந்திருக்காது. இறுதி ஆட்டத்தின் பெனால்டிகளில் இரண்டாவதை அடித்ததும் அவர்தான்.

அந்த வெற்றியின் சூட்டில் 2001-ல் எட்டு அணிகளோடு சம்பளம் தரும் பெண்கள் லீக் ஒன்று ஆரம்பித்தார்கள். ஃபாஸெட் சான் டியேகோ அணி. முதல் சீசன் நடுவில்தான் மூன்றாவது பிரசவம், அந்த சீசன் முடிவதற்குள் திரும்ப மைதானத்தில்! ஆனால் லீக் பிழைக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கென்று ஒதுக்கிய 4 கோடி டாலர் முதல் வருஷத்திலேயே கரைந்துபோனது. இப்படி ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். முன்னணி வீராங்கனைகள் தங்கள் சம்பளத்தையே குறைத்துக்கொண்டு பார்த்தார்கள். 2003 செப்டம்பரில், உலகக் கோப்பை தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது, லீக்கை மூடிவிட்டார்கள். வேலை போன கையோடு போய் ஆறு ஆட்டங்களையும் முழுசாக ஆடினார் ஃபாஸெட். அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோல்வி, மூன்றாம் இடம்.

2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். பிறகு முதுகில் அறுவை சிகிச்சை. அந்த டிசம்பரில் மியா ஹாம், ஜூலி ஃபௌடி, இவர் மூவருக்கும் வழியனுப்பு ஆட்டம் நடத்தினார்கள், அதில் இவரால் ஆட முடியவில்லை. மொத்தம் ஏறக்குறைய 240 சர்வதேச ஆட்டங்கள், 27 கோல். ஒரு டிஃபெண்டருக்கு 27 என்பது சாதாரணம் இல்லை. 2009-ல் அமெரிக்கக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் பெயர் சேர்த்தார்கள்.

தொழில்முறை வீராங்கனைகளுக்குக் குறைந்தது 14 வாரம் பிரசவ விடுப்பு, அதற்கு மூன்றில் இரண்டு பங்கு சம்பளம் என்று ஃபிஃபா விதி கொண்டுவந்தது 2021-ல்தான். ஃபாஸெட்டின் மூத்த மகளுக்கு அப்போது 26 வயது. அந்த விதி வந்த பிறகும், பிரசவ காலச் சம்பளத்தை முழுதாகத் தராத லியோன் கிளப்பை எதிர்த்து ஐஸ்லாந்து கேப்டன் சாரா பியோர்க் குன்னர்ஸ்டோட்டிர் ஃபிஃபா தீர்ப்பாயம்வரை போகவேண்டியிருந்தது. 2022-ல் அவர் பக்கம் தீர்ப்பானது. 82,000 யூரோவுக்கு மேல், வட்டியோடு.