மூன்று மணி நேரம் முன்னதாக: ஒரு விதியின் வரலாறு

நம் புதுச்சேரியில் பிரான்சுக்குப் பயணம் புறப்படும் வீடுகளில் ஒரு வாக்குவாதம் தவறாமல் நடக்கும். பிள்ளைகள், "எல்லாம் போனிலேயே போட்டாச்சு, இரண்டு மணி நேரம் முன்னால் போனால் போதும்" என்பார்கள். தாத்தா, "ஐந்து மணி நேரம் முன்னால் போய்விடுவோம், அங்கே உட்கார்ந்துகொள்ளலாம்" என்பார். டிக்கெட்டிலோ மூன்று மணி நேரம் என்று போட்டிருக்கும். இந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று இரு தரப்பும் கேட்பதில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு இருந்தவன் என்பதால், ஒரு விதியைக் கண்டால் அது எந்த ஆணையில் பிறந்தது, எந்தச் சம்பவத்துக்குப் பின் திருத்தப்பட்டது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

முதலில் கப்பல் காலம். நம் தாத்தாக்கள் சொல்தாவாகவோ குமாஸ்தாவாகவோ சைகோனுக்கும் மார்செய்க்கும் போனது கப்பலில்தான். பெரிய கப்பல் நம் கரையை ஒட்டி நிற்க முடியாது. ஆழம் உள்ள இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்குப் படகில் பெட்டியையும் ஆளையும் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவார்கள். கொழும்புக்குப் போய், மார்செய் செல்லும் மெஸ்ஸாழெரி மரிதீம் கப்பலுக்கு மாறியவர்களும் உண்டு. அன்று யாரும் மணிக்கணக்கில் பேசவில்லை, நாள் கணக்குதான். வெளியூர்க்காரர்கள் ஒரு நாள் முன்பே வந்து உறவினர் வீட்டில் தங்கினார்கள். அந்தக் கப்பலை விட்டால் அடுத்ததற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் தாமதமாகப் போவதை யாரும் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை.

விமானம் வந்தபோது கதை மாறியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அது தபால் மூட்டைக்கான விமானம். பயணிகள் போகத் தொடங்கிய பிறகும் ஒரு விமானத்தில் ஒரு பேருந்து அளவுக்குக்கூடக் கூட்டம் இருக்காது. பெட்டியோடு பயணியையும் தராசில் நிறுத்தி எடை பார்த்த காலம் அது. பத்திருபது பேருக்கு அதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

போருக்குப் பிந்தைய பாரிசில் பயணிகள் விமான நிலையத்துக்கு நேரே போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நகரின் நடுவில் அன்வாலீத் நிலையத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, விமானக் கம்பெனியின் பேருந்தில் ஏறினால் ஓர்லியில் இறக்கிவிடுவார்கள். 1961இல் ஓர்லியில் புதிய கட்டடம் திறந்தபின், ஞாயிற்றுக்கிழமைகளில் பயணம் போகாத குடும்பங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விமானம் பார்க்க அங்கே போயின. சில ஆண்டுகள் ஐஃபெல் கோபுரத்தைவிட அதிகக் கூட்டம் அங்கேதான். எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் இதை வகுப்பில் விவரித்தபோது, மாடியில் நின்று கை அசைப்பதற்காகவே ஒரு நிலையம் கட்டியிருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். மீனம்பாக்கத்திலும் வழியனுப்பப் போனவர்கள் விமானம் கிளம்பும் வரை பார்த்துவிட்டு வந்த காலம் அது.

அந்தக் காலத்தை முடித்துவைத்தவை இரண்டு. ஒன்று விமானத்தின் அளவு. 1970இல் போயிங் 747 பயணிகளோடு பறக்கத் தொடங்கியது, மறு ஆண்டே ஏர் இந்தியாவுக்கும் வந்தது. ஒரே விமானத்தில் முந்நூற்றைம்பது பேர் என்றால் ஒரு கல்யாண மண்டபக் கூட்டம். அத்தனை பேரின் பெட்டியையும் வாங்கி, எடை போட்டு, சீட்டு ஒட்ட முன்பிருந்த அரை மணி, முக்கால் மணி போதவில்லை.

மற்றொன்று கடத்தல். 1968 முதல் 1972 வரை அமெரிக்காவில் விமானத்தைக் கியூபாவுக்குத் திருப்பு என்பது வாடிக்கையாகிவிட்டது. 1970 செப்டம்பரில் பாலஸ்தீனப் போராளிகள் கடத்திய விமானங்கள் ஜோர்டான் பாலைவனத்தில் தகர்க்கப்பட்டன. 1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்சின் 'கங்கா' லாகூருக்குக் கடத்தப்பட்டு, பயணிகள் இறங்கியபின் கொளுத்தப்பட்டது. அதுவரை பயணியின் பையைத் திறந்து பார்ப்பது மரியாதைக் குறைவு என்று விமானக் கம்பெனிகள் தயங்கின. 1973 ஜனவரி 5 முதல் அமெரிக்காவில் ஒவ்வொரு பயணியையும் கைப்பையையும் சோதிப்பது கட்டாயமானது. 1974இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, பாதுகாப்புக்கென்றே பதினேழாவது இணைப்பை ஏற்றது. நம் நாட்டில் 1976இல் இன்னொரு விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டபின் அமைத்த குழுவின் பரிந்துரைப்படி, 1978இல் விமானப் பாதுகாப்புக்குத் தனிப் பிரிவு வந்தது. இப்படி ஒரு மணி நேரம் ஒன்றரையானது.

அதுவரை எல்லோரும் கவலைப்பட்டது பயணியைப் பற்றி. பயணி வராமல் பெட்டி மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு மிக அருகில் மீனம்பாக்கம் காட்டியது.

1984 ஆகஸ்ட் 2. கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்கென்று ஒருவர் இரண்டு பெட்டிகளைக் கொடுத்துவிட்டு, விமானத்தில் ஏறாமல் போய்விட்டார். பெட்டிகள் நிலையத்திலேயே நின்றன. வெடிகுண்டு இருக்கிறது என்று தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. இரவு பதினோரு மணிக்குச் சற்று முன் அவை வெடித்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இலங்கைப் பயணிகள். நிலையத்தின் கூரை இடிந்து கிடந்த படத்தை மறுநாள் பத்திரிகையில் பார்த்தது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரம் மீனம்பாக்கத்திலிருந்து புறப்பட வேண்டியவர்கள் நம் ஊரிலும் இருந்தார்கள்.

பதினொரு மாதம்கூட ஆகவில்லை. 1985 ஜூன் 23 அன்று கனடாவிலிருந்து வந்த ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' அயர்லாந்துக்கு அப்பால் நடுவானில் வெடித்துக் கடலில் விழுந்தது. இறந்தவர்கள் 329 பேர். அங்கே பள்ளி விடுமுறை தொடங்கிய நேரம். தாத்தா பாட்டியைப் பார்க்க இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த குடும்பங்கள் அதில் ஏராளம், குழந்தைகள் மட்டும் எண்பதுக்கு மேல். இங்கும் அதே கதைதான். வான்கூவரில் ஒருவர் வற்புறுத்திப் பெட்டியை அந்த விமானத்துக்குப் போகும்படி சீட்டு ஒட்ட வைத்தார், அவர் ஏறவில்லை, பெட்டி ஏறியது. டொரன்டோவில் பெட்டிகளைச் சோதித்த எக்ஸ்ரே இயந்திரம் அன்று நடுவில் பழுதாகியும் போனது.

ஆள் வராத பெட்டியை ஏற்றக் கூடாது என்ற விதி அதன்பின்தான் இறுகியது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும், ஒரு காலத்தில் நம் விமான நிலையங்களில் விமானத்தின் அருகே பெட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். நாம் போய் "இது என்னுடையது" என்று கை காட்டினால்தான் ஏற்றுவார்கள். வெயிலில் நின்று முணுமுணுத்துக்கொண்டே காட்டினோம். இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. பெட்டி கொடுத்தவர் விமானத்தில் ஏறவில்லை என்றால், அவர் பெட்டியைத் தேடி இறக்கிய பிறகே விமானம் நகரும். பெட்டி வாங்கும் மேசையைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். "விமானம் அங்கேயேதானே நிற்கிறது, ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?" என்று கோபப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

மிச்சத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். 1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து வந்த ஐசி 814 கந்தகாருக்குக் கடத்தப்பட்டது. 2000 முதல், ஜெய்ப்பூரில் தொடங்கி, மாநிலப் போலீசாரிடமிருந்த விமான நிலையக் காவல் மத்திய தொழிற் பாதுகாப்புப் படைக்குப் போனது. 2001 செப்டம்பருக்குப் பின் சோதனை இன்னும் கூடியது. அந்த டிசம்பரில் ஒருவன் காலணியில் வெடிமருந்தோடு பாரிசிலிருந்து விமானம் ஏறியதால் காலணியும் கழற்ற வேண்டியதாயிற்று. 2006இல் லண்டனில் ஒரு திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்டபின், நூறு மில்லிலிட்டருக்கு மேல் எதுவும் கைப்பையில் கூடாது என்றானது. நம் மாங்காய் ஊறுகாய் கைப்பையிலிருந்து வெளியேறியது அந்த ஆண்டில்தான்.

ஆக, மூன்று மணி நேரம் என்பது யாரோ ஒரு அதிகாரி மேசையில் உட்கார்ந்து போட்ட எண் அல்ல. ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு கால் மணி, அரை மணி என்று சேர்ந்தது.

இனி நடைமுறைக்கு வருவோம். அலுவலகத்தில் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் வேலையைப் பிரிப்போம். இதற்கும் அதே வழிதான். விமானத்தின் கதவு புறப்பாட்டுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்பே மூடப்படும். அதற்கு முன் பாதுகாப்புச் சோதனை, அதற்கு முன் குடியேற்ற அதிகாரியின் முத்திரை, அதற்கு முன் பெட்டி. பெட்டி மேசை திறப்பதே பெரும்பாலும் மூன்று மணி நேரம் முன்னால்தான். ஆகவே தாத்தாவின் ஐந்து மணி நேரத்தால் பெரிய லாபம் இல்லை, கால்தான் வலிக்கும். பிள்ளைகளின் இரண்டு மணி நேரம் தனி ஆளுக்குப் போதலாம். போனில் இருக்கை எடுத்தாலும் பெட்டியை நேரில்தான் கொடுக்க வேண்டும். குடும்பம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தில்தான் நகரும். பாட்டிக்குச் சக்கர நாற்காலி சொல்லியிருந்தால் அது வரும் வரை காத்திருக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் உண்டு, தனியாகத்தான் பார்ப்பார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் பெயர். 1881 ஆணைப்படி ரெனோன்சான் ஆன குடும்பங்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. மற்றவர்களுக்குத் தகப்பனார் பெயர்தான் முன்னெழுத்து. ஒரே வீட்டில் கணவனிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், மனைவியிடம் இந்தியப் பாஸ்போர்ட், இரண்டிலும் பெயர் வேறு வேறு விதம். எங்கள் தெருவில் ஒரு குடும்பம், பிரான்சில் இறந்துபோன மூத்தவரின் அடக்கத்துக்காக அவசரமாகக் கிளம்பியது. மேசையில் ஒரு பையனின் டிக்கெட்டில் பெயர் முன்பின்னாக இருந்தது. சரிசெய்ய முக்கால் மணிக்கு மேல் ஆயிற்று. அவர்கள் மூன்று மணி நேரம் முன்னால் போயிருந்ததால் ஏற முடிந்தது, அடக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு மணி நேரம் என்றால் பையனை விட்டுவிட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

பெட்டியை வீட்டிலேயே எடை போடுங்கள். வடகமும் மிளகாய்த்தூளும் அப்பளமும் எடை கூடிப்போய், மேசைக்கு முன்னால் பெட்டியைப் பிரித்துப் போட்டு மாற்றி அடுக்குகிற குடும்பத்தை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பின்னால் நிற்பவர்களின் நேரமும் அதில் போகிறது. ஊறுகாய் பெட்டிக்குள் போகட்டும். பாஸ்போர்ட்டும் மாத்திரையும் ஒருபோதும் பெட்டிக்குள் போகக் கூடாது.

தேதியை இரண்டு முறை பாருங்கள். 15ஆம் தேதி 00.40 மணி என்றால் 14ஆம் தேதி இரவு சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும் என்று பொருள். 15ஆம் தேதி இரவு மீனம்பாக்கம் போய் நின்றவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

கடைசியாகச் சாலை. புதுச்சேரியிலிருந்து மீனம்பாக்கம் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒட்டி வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையோ திண்டிவனம் வழியோ, சாதாரண நாளில் மூன்று மணி நேரம், அதற்கு மேல் ஒரு மணி நேரம் டயருக்கும் தாம்பரம் நெரிசலுக்கும். அதாவது 00.40 விமானத்துக்கு மாலை ஐந்தரைக்கு வண்டி வாசலை விட்டுக் கிளம்ப வேண்டும். வழியனுப்ப வருகிறவர்களை நாலரைக்கே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நிலைய வாசலில் இன்று காவலர் டிக்கெட்டைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார், ஆற அமர நின்று பேச அங்கே இடமில்லை. அழுவதோ, ஆசீர்வாதம் வாங்குவதோ, திருநீறு பூசுவதோ, சிலுவை போடுவதோ, எல்லாவற்றையும் நம் வீட்டுத் திண்ணையிலேயே நிதானமாக முடித்துக்கொள்ளலாம்.

நேரம் தவறாமை அரசர்களின் மரியாதை என்று பிரெஞ்சில் ஒரு வழக்கு உண்டு, லிசேயில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அரசர்களுக்கு அது மரியாதை, காத்திருக்க அவர்களுக்கு ஆள் இருந்தது. நமக்காக எந்த விமானமும் நிற்காது என்பதால் நாம்தான் போய் நிற்க வேண்டும்.